இறங்க வேண்டும்

முதல் நாள் அவள் கொண்டுவந்தது
பட்டன் கடைப் பில் புத்தகம்.
தாளின் முன்பக்கம்: கறுப்பு, நான்கு துளை, பன்னிரண்டு டஜன்.
பின்பக்கம் பாட்டு.
ஷாம் சுய் போவில் அப்பாவின் கடை.
பெயர் கேட்டேன். சீட்டோ பிக்-கெய்.
அடுத்த வாரமே கம்பெனி அதை
டெல்ஃபின் ஆக்கிவிட்டது.
அப்படியென்றால் என்ன என்று என்னைக் கேட்டாள்.
ஒலிப்பதிவுக்காரனுக்கு என்ன தெரியும்,
ஏதோ மீனாக இருக்கும் என்றேன்.

எங்கள் மொழியில் மெட்டு ஒரு வீட்டுக்காரன்.
அவன் காட்டும் மாடியில்தான் சொல் குடியிருக்க வேண்டும்.
'டோங்' உச்சியில் இருந்தால் சூப்,
அடித்தளத்தில் சர்க்கரை.
'மாய்' சற்றே மேலேறினால் வாங்குவது;
ஏறாமல் கிடந்தால் விற்பது.
மற்றவர்களுக்கு மெட்டு ஒருவர், சொல் ஒருவர்,
விடிய விடிய வாடகைத் தகராறு.
இவளிடம் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.
ஒரே மூச்சில் எழுதுவாள்,
இடது கையில் சோயா பால் புட்டி.

ஒப்பந்தத்தில் மட்டும் அவள் காது பிசகியது.
ஆறு வருடம், எழுபத்தோரு பாட்டு,
ஒன்றுகூட அவள் பெயரில் இல்லை.

புகழ்தான் வந்ததே, அதைச் சொல்லவில்லையே.
டாக்ஸியில் அவள், சலூனில் அவள்,
ஹங் ஹாம் அரங்கில் பன்னிரண்டு இரவுகள்.
தலையில் மயிலிறகு கட்டி
கிரேனில் தொங்கவிட்டார்கள்.
முடிந்ததும் பின்கதவு வழியே போய்
வொன்டன் நூடுல்ஸ் குடிக்கையில்
கிண்ணத்தில் ஓர் இறகு மிதந்தது.
எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தாள்,
கணக்குக் கேட்பார்களாம்.
தைபே போய் மாண்டரினில் ஓர் ஆல்பம்:
இரவல் செருப்பில் படியேறியது போல.
விற்கவில்லை.

பிறகு ஊரே முகமூடி போட்ட வசந்தம்.
மறு வருடம் தொண்டையில் ஒரு முடிச்சு.
அரிசியளவுதான் என்றார் டாக்டர் யிப்;
அறுத்தபின் நாற்பது நாள் பேச்சு கூடாது.

சிவப்பு மினிபஸ்ஸில் மணி கிடையாது.
இறங்க வேண்டுமென்றால் கத்த வேண்டும்.
யாவ் மா டெய்யில் ஏறியவள்
யாராவது கத்தும் இடத்தில் இறங்கினாள்.
அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டு
சுன் வான் வரை போய்
நடைமேம்பாலத்தில் நின்று செய்தி அனுப்பினாள்:
'முன்பின் தெரியாதவர்கள்
எனக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள்.'

குரல் திரும்பி வந்தது,
மூன்று படி கீழே, கொஞ்சம் மணல் ஒட்டி.
கம்பெனி அதற்குள் இழுத்து மூடப்பட்டிருந்தது.
என் சமையலறை அளவு அறையில்
பழைய பாட்டுகளை மறுபடி பதிந்தோம்.
அர்த்தம் உடையுமே என்று பயந்தேன்.
சிரித்தாள்.
'கட்டடத்தையே மூன்று படி இறக்கினால்
மாடி மாடிதானே?'

ஓரிடம் தவிர.
பட்டன் கடைப் பாட்டில்
அப்பா சரக்கு வாங்கும் வரி.
அந்தச் சின்ன ஏற்றத்தில் குரல் ஏறவில்லை.
நாடாவை நிறுத்தினேன்.
'விற்பது என்று விழுகிறது.'
கண்ணாடிக்கு அப்பால் தண்ணீர் குடித்தாள்,
மூடியைத் திருகித் திருகி மூடினாள்.
அப்பா கடையை விற்றுப் பதினோரு நாள்
ஆகியிருந்தது, எனக்குத் தெரியாது.
'இருக்கட்டும்' என்றாள். 'அடுத்தது?'

போன புதன் இரவு, மினிபஸ்,
வானொலியில் குதிரைப் பந்தய முடிவுகள்.
அவளை யாரும் கவனிக்கவில்லை.
ஷாம் சுய் போ திருப்பம் நெருங்கியதும்
கம்பியைப் பிடித்து எழுந்து
கத்தினாள்: 'இறங்க வேண்டும்!'
கரகரத்தது.
டிரைவர் திரும்பவில்லை.
கேட்டதற்கு அடையாளமாய்
ஒரு கையை மட்டும் தூக்கினார்.